யார் போய் அளந்தது?

அன்பு மகளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை போனில் குட்டி கேட்ட கேள்விக்கு நான் பேச்சை மாற்றியதை நீ கவனித்திருப்பாய். ஆண்ட்ரோமெடா கேலக்ஸி 25 லட்சம் ஒளியாண்டு தள்ளி இருக்கிறதாம். "யார் பாட்டி அங்கே போய் அளந்தது?" என்றாள். இரண்டு நாள் நூலகத்தில் உட்கார்ந்து படித்தேன். அவளுக்குப் படித்துக் காட்டு.

யாரும் போகவில்லை. வழி கண்டவர் உங்கள் பாஸ்டனுக்குப் பக்கத்திலேயே, ஹார்வர்ட் வானாய்வகத்தில் இருந்த ஹென்ரியேட்டா லெவிட். காது சரியாகக் கேட்காது. சம்பளம் மணிக்கு 30 சென்ட். வேலை, கிட்டத்தட்ட நான் அச்சகத்தில் பார்த்த புரூஃப் வேலைதான். பெருவிலிருந்து வானத்தின் படங்கள் கண்ணாடித் தகடுகளில் வரும். நெகட்டிவ் என்பதால் நட்சத்திரமெல்லாம் மைப்பொட்டு மாதிரி கறுப்பு. அதன்மேல் வேறொரு ராத்திரியின் பாசிட்டிவை வைப்பார். கறுப்பும் வெள்ளையும் ஒன்றையொன்று மூடிக்கொண்டால் மாற்றமில்லை. ஓரம் பிதுங்கினால் அந்த நட்சத்திரத்தின் வெளிச்சம் கூடியிருக்கிறது, அல்லது குறைந்திருக்கிறது. புதுப் புரூஃபைப் பழையதன்மேல் வைத்து விளக்குக்கு நேரே பிடிப்பேனே, அதே சங்கதி.

1912-இல், சிறிய மெகல்லானிக் மேகத்தில் (பெயர்தான் மேகம், வெகு தூரத்தில் இருக்கும் ஒரு நட்சத்திரக் கூட்டம்) இப்படி மாறும் 25 நட்சத்திரங்களை வரிசைப்படுத்தினார். கூடிக் குறைந்து மறுபடி கூட ஒன்றுக்கு ஒண்ணேகால் நாள், இன்னொன்றுக்கு 127 நாள். மெதுவாகத் துடிப்பதுதான் அதிகப் பிரகாசம். எல்லாம் ஏறக்குறைய ஒரே தூரம் என்பதால், கிட்டே இருப்பதால்தான் பளிச்சென்று தெரிகிறது என்று தட்டிக்கழிக்க முடியாது. ஏரிக்கு அக்கரை ஊரில் பளிச்சென்று எரிவது நிஜமாகவே பெரிய பல்புதான், இல்லையா?

பக்கத்தில் இருக்கும் சில துடிக்கும் நட்சத்திரங்களின் தூரத்தை மட்டும் வேறு வழியில் தெரிந்துகொள்ள வேண்டும். அப்புறம் சுலபம். துடிப்பை எண்ணினால் எத்தனை வாட் பல்பு என்று தெரிந்துவிடும். இரண்டு மடங்கு தள்ளிப்போனால் வெளிச்சம் காலாகும், அதிலிருந்து தூரம்.

1923 அக்டோபரில், கலிஃபோர்னியாவில் மவுண்ட் வில்சன் மலை வானாய்வகத்தின் 100 அங்குலத் தொலைநோக்கியில் எட்வின் ஹப்பிள் என்ற வானியலாளர் ஆண்ட்ரோமெடாவில் அப்படி ஒன்றைப் பிடித்தார். முதலில் நோவா, அதாவது திடீரென்று பளிச்சிட்டு மங்கும் நட்சத்திரம், என்று நினைத்துத் தகட்டில் 'என்' போட்டவர், அதை அடித்துவிட்டு, மாறும் நட்சத்திரம் என்பதைச் சுருக்கி ஆச்சரியக்குறியோடு எழுதினார். துடிப்பு 31 நாள். கணக்குப்படி தூரம் சுமார் 9 லட்சம் ஒளியாண்டு, நம் பால்வீதிக்குள் அடங்காத தூரம். அந்தக் கணக்கும் தப்பு! துடிப்பவற்றில் இரண்டு ரகம் உண்டு, இரண்டையும் ஒரே அளவுகோலால் அளந்துவிட்டார்கள் என்று வால்டர் பாடே என்ற வானியலாளர் 1952-இல் சொன்னார். தூரம் ஒரேயடியாக இரட்டித்தது. அப்புறமும் திருத்தித் திருத்தித்தான் குட்டி சொன்ன 25 லட்சம். ஆயுசு முழுக்கப் பிழை திருத்தினவளுக்கு இந்த இடம்தான் ரொம்பப் பிடித்தது.

லெவிட் இதையெல்லாம் பார்க்கவில்லை. 1921-லேயே புற்றுநோயில் போய்விட்டார்.

ஹார்வர்டின் தகடுகள் 5 லட்சத்துக்கு மேல், கேம்பிரிட்ஜில் இருக்கின்றனவாம். உன் வீட்டிலிருந்து ரயிலில் எவ்வளவு நேரம்? குழந்தைகளை உள்ளே விடுவார்களா என்று விசாரித்துச் சொல். குட்டிக்கு ஒரு கைலென்ஸும் வாங்கிக் கொடு. என்னுடையதை அனுப்பலாம் என்று எடுத்துப் பார்த்தேன், கீறல் விழுந்திருக்கிறது.

அம்மா