முதல் பார்ட்டி கிடைக்கும் வரை

தாராபுரம்

அன்புள்ள மாப்ளைக்கு,

உன் கடிதம் புதன்கிழமை வந்தது. அம்மாவுக்கு முட்டி வலி குறைந்து, வாசல் வரை நடக்கிறார்கள் என்று படித்ததும்தான் நிம்மதி. இங்கே எல்லோரும் நலம். பெரியவள் பத்தாவது என்பதால் வீட்டில் டிவி ஓடுவதே இல்லை. அமராவதி வாய்க்காலில் தண்ணீர் விட்டுவிட்டார்கள். அப்பா விடிந்ததும் வயலுக்குப் போனால் சாப்பாட்டுக்குத்தான் வருகிறார்.

இனி நீ கேட்ட விஷயம். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் நாட்டுச் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியதிலிருந்து திருப்பூரில் உங்கள் எம்பிராய்டரி யூனிட்டில் நைட் ஷிப்ட் நின்றுபோனதையும், பாதிச் சம்பளத்தில் ஓட்டுவதையும் எழுதியிருந்தாய். படிக்கவே கஷ்டமாக இருந்தது. பஞ்சிங் வேலையை, அதாவது லோகோ படத்தை மிஷின் தைக்கிற பைலாக மாற்றிக் கொடுக்கிற வேலையை, ஆன்லைனில் எடுத்துச் செய்யலாமா, முதல் பார்ட்டி, அதாவது முதல் கஸ்டமர், எப்படிக் கிடைக்கும் என்று கேட்டிருக்கிறாய். தாராளமாகச் செய்யலாம். ஒன்றை யோசித்துப் பார்: நம்மிடம் டீ சர்ட் வாங்காமல் நிறுத்திய அதே நாட்டில், ஊருக்கு ஊர் சின்னச் சின்ன எம்பிராய்டரி கடைகள் இருக்கின்றன. ஒரு மிஷின், இரண்டு மிஷின் வைத்துக்கொண்டு, வெறும் போலோ டீ சர்ட்டும் தொப்பியும் வாங்கி, உள்ளூர் கம்பெனிக்கும் சர்ச்சுக்கும் பள்ளிக்கூட டீமுக்கும் லோகோ போட்டுக் கொடுப்பவர்கள். மிஷின் ஓட்டத் தெரிந்த எல்லோருக்கும் பஞ்ச் பண்ணத் தெரியாது. அவர்களுக்கு எம்பிராய்டரி மிஷின் படிக்கிற டிஎஸ்டி பைல் வேண்டும். மெயிலில் போகிற பைலை எந்தத் துறைமுகத்திலும் நிறுத்தி வரி கேட்பதில்லை.

ஆனால் நீ எழுதியிருந்த திட்டம் எனக்குச் சம்மதமில்லை. “எல்லாரையும்விடக் கம்மியாக, ஐந்து டாலருக்குப் போட்டு உள்ளே நுழைந்துவிடுகிறேன்” என்கிறாய். அந்த விலையில் உனக்கு முன்னால் நூறு பேர் நிற்கிறார்கள். அங்கே வருகிற பார்ட்டியும் அடுத்த தடவை நான்கு டாலருக்கு எவன் கிடைப்பான் என்று தேடுகிற பார்ட்டிதான். பத்தொன்பது வருஷம் மிஷின் பக்கத்தில் நின்ற உன் கண்ணுக்கு அந்த விலை அவமானம். நான் சாதாரண மார்பு லோகோவுக்கு 15 டாலர் கேட்கிறேன். அதற்குக் கீழே ஆரம்பத்திலும் இறங்கவில்லை.

கம்மி விலை இல்லாமல் முதல் வேலை எப்படிக் கிடைக்கும்? எனக்குக் கிடைத்ததை அப்படியே சொல்கிறேன். தோட்ட வேலை செய்கிற ஒரு கம்பெனிக்கு லோகோ பஞ்ச் பண்ண ஆள் வேண்டும் என்று ஒரு கடைக்காரர் ஆன்லைனில் போட்டிருந்தார். ஒரு மரம், கம்பெனிப் பெயர், அடியில் பொடி எழுத்தில் ஒரு வரி. போலோவின் இடது மார்பில், மூன்றரை அங்குல அகலம். விண்ணப்பித்த பலரும் ஒரே மாதிரிதான் எழுதியிருப்பார்கள் என்று அடித்துச் சொல்வேன்: ‘பத்து வருஷ அனுபவம், 24 மணி நேரத்தில் தருவேன், எத்தனை தடவை வேண்டுமானாலும் திருத்தம் இலவசம்.’ நான் என்னைப் பற்றி ஒன்றுமே எழுதவில்லை. அவர் அனுப்பிய படத்தை அளந்து பார்த்துவிட்டு இவ்வளவுதான் எழுதினேன்:

“இந்த லோகோவை மூன்றரை அங்குலத்தில் வைத்தால் கீழ் வரியின் எழுத்து இரண்டரை மில்லிமீட்டர் உயரம்தான் வரும். 40ஆம் நம்பர் நூலில் தைத்தால் ஆங்கில ‘e’, ‘a’ எழுத்துகளின் உள்ளே இருக்கிற ஓட்டை அடைத்துக்கொள்ளும், படிக்க முடியாது. இரண்டு வழி இருக்கிறது. அந்த வரியை எடுத்துவிடலாம். இல்லையென்றால் இரண்டு வரியாக உடைத்து எழுத்தைப் பெரிதாக்கலாம். அப்போது இன்னும் மெல்லிய 60ஆம் நம்பர் நூலும் 65ஆம் நம்பர் ஊசியும் போட வேண்டியிருக்கும். துணி மேடுபள்ளமான பிக்கே பின்னல் என்றால் மரத்துக்கு அடித்தையல் கூடுதலாகக் கொடுப்பேன், தையல் உள்ளே அமுங்காது. எது உங்கள் கஸ்டமருக்குச் சரி?”

கீழே ஒரே ஒரு போட்டோ: பிக்கே துணியில் நான் தைத்துப் பார்த்த ஒரு சின்ன எழுத்துச் சாம்பிள், பக்கத்தில் ஸ்கேல் வைத்து எடுத்தது. அன்று ராத்திரியே பதில் வந்தது. விலையைப் பற்றிப் பேச்சே இல்லை. “இரண்டு வரியாக உடைத்தால் மரம் சின்னதாகுமா?” என்று கேட்டிருந்தார். அவர் அந்தக் கேள்வியைக் கேட்டபோதே வேலை என் கைக்கு வந்துவிட்டது. வேறு யாரிடமும் அவரால் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க முடியாது. வேறு யாரும் அவருடைய லோகோவை உட்கார்ந்து பார்க்கவில்லை.

மாப்ள, நான் சொல்ல வருவது இதைத்தான். வேலை கேட்கிற கடிதத்திலேயே வேலையில் ஒரு துளியைச் செய்து காட்டிவிடு. அவன் மிஷினில் போட்ட பிறகு வரப்போகிற தொல்லையை, அவன் கேட்பதற்கு முன்னால் நீ சொல்லிவிடு. இதற்கு இலவசமாக முழு பைல் கொடுக்க வேண்டியதில்லை, கொடுக்கவும் கூடாது. “முதலில் டெஸ்டுக்கு ஒன்று செய்து காட்டு” என்று முழு லோகோவை அனுப்புகிறவன் அந்த பைலை ஓட்டிச் சம்பாதித்துவிட்டு உன்னை மறந்துவிடுவான். உன் யோசனையைக் காட்டு, பைலைக் காசுக்குக் கொடு.

அதற்குக் கையில் போட்டோ வேண்டும். ஸ்கிரீனில் தெரிகிற படத்தை யாரும் நம்புவதில்லை, சாப்ட்வேரில் எல்லாம் அழகாகத்தான் தெரியும். தைத்த துணி வேண்டும். இங்கேதான் திருப்பூர்க்காரனுக்குப் பெரிய வசதி. வெளியூரில் உட்கார்ந்து பஞ்ச் பண்ணுகிற எத்தனையோ பேருக்கு மிஷினே கிடையாது. உனக்குத் தெரிந்த யூனிட்டில் மிஷின் ஹெட் சும்மா நிற்கிற நேரத்தில் ஜாப் ஒர்க் காசு கொடுத்து நான்கைந்து சாம்பிள் ஓட்டிக்கொள். பிக்கே போலோ ஒன்று, தேங்காய்ப்பூத் துண்டு ஒன்று, தொப்பி இரண்டு. முன்பக்கம் எடு, பின்பக்கமும் எடு. அடியிலிருந்து வருகிற பாபின் நூல் நடுவில் ஒழுங்காக ஓடியிருப்பதைப் பார்த்தால் தொழில் தெரிந்தவன் உன்னை உடனே எடை போட்டுவிடுவான்.

ஒரு எச்சரிக்கை. கம்பெனிக்காக நீ பஞ்ச் பண்ணிய பிராண்ட் லோகோ எதையும் உன் சாம்பிளில் வைக்காதே. அது பையருடைய சொத்து. நாளைக்கு அவன் கண்ணில் பட்டால் உன் முதலாளிக்கும் சங்கடம். நீயே ஒரு டீக்கடை, ஒரு நாய் ஆஸ்பத்திரி, ஒரு கால்பந்து டீம் என்று கற்பனையாக லோகோ வரைந்து அதைப் பஞ்ச் பண்ணு. பஞ்சிங் சாப்ட்வேரைத் திறக்கிற கம்பெனி டாங்கிளை வீட்டுக்கு எடுத்துவந்து செய்வதும் வேண்டாம். சொந்தமாக வில்காம் சாப்ட்வேர் வாங்குகிற வரை பழகுவதற்கு இங்க்ஸ்டிச் என்கிற சாப்ட்வேர் இருக்கிறது, இலவசம். அதிலிருந்தே டிஎஸ்டியும், பிஇஎஸ் என்கிற இன்னொரு வகை மிஷின் பைலும் எடுக்கலாம். கொஞ்சம் மெதுவாகத்தான் கை பழகும், ஆனால் நேர்மையான வழி.

தொப்பியைத் தனியாகச் சொல்ல வேண்டும். திருப்பூரில் நமக்கு அதில் கை வைக்கிற வேலை அதிகம் வருவதில்லை. அமெரிக்கக் கடைக்காரனுக்கோ தொப்பி வேலை நிறைய. ரிச்சர்ட்சன் 112 என்கிற ஒரு மாடலை நீ அடிக்கடி கேள்விப்படுவாய். நெற்றியில் நடுவே தையல் ஓடும், துணி விறைப்பு, பிரேமில் வளைந்து நிற்கும். தட்டையான துணிக்குப் பஞ்ச் பண்ணுகிற மாதிரி இடமிருந்து வலமாக ஓடினால் துணி தள்ளிக்கொண்டு போய் எழுத்துக்கும் அவுட்லைனுக்கும் நடுவில் இடைவெளி விழுந்துவிடும். நடுவிலிருந்து இரண்டு பக்கமும் போக வேண்டும், கீழிருந்து மேலே ஏற வேண்டும். இந்த ஒன்றை உருப்படியாகச் செய்கிறவனை அவர்கள் விடமாட்டார்கள். நீ இரண்டு மாதம் தொப்பியை மட்டும் பழகினாலும் நஷ்டமில்லை.

ஆங்கிலம் வராது என்று பயப்படுகிறாய். நம் தொழிலில் தேவைப்படுகிற வார்த்தைகள் உனக்கு ஏற்கெனவே தெரியும். டென்சிட்டி, அண்டர்லே, புல் காம்பன்சேஷன், ட்ரிம்: இதெல்லாம் நாம் தினமும் பேசுவதுதானே? குட்டிக் குட்டி வாக்கியமாக எழுது. அளவை அங்குலத்தில் சொல்லு. டிஎஸ்டியில் கலர் பதிவாகாது, நிறுத்தம் மட்டும்தான் இருக்கும். அதனால் எந்த நிறுத்தத்தில் எந்த நூல் என்று ஒரு பக்கம் எழுதி, ஐசகார்ட் அல்லது மடீரா நூல் கம்பெனியின் கலர் நம்பரோடு சேர்த்து அனுப்பு. அந்த ஒரு தாளுக்காகவே என்னிடம் திரும்பி வருகிறவர்கள் இருக்கிறார்கள்.

நேரத்தையும் சொல்லிக்கொள், அது நம் பலம். அவர்கள் கிழக்குக் கரையில் சாயங்காலம் ஆறு மணிக்குக் கடையை மூடும்போது நமக்கு விடிகாலை மூன்றரை. காலை எட்டுக்குத் திறக்கும்போது நமக்கு மாலை ஐந்தரை. (இது கோடைக் கணக்கு, குளிர்காலத்தில் நமக்கு ஒரு மணி நேரம் தள்ளிப்போகும்.) அவன் தூங்குகிற நேரம் முழுவதும் நமக்குப் பகல் வேலை நேரம். “இரவு அனுப்பினால் காலையில் மிஷினில் போடலாம்” என்று எழுது, சொன்ன மாதிரியே கொடு. ராத்திரி கண் விழிக்க வேண்டிய அவசியமே இல்லை.

எங்கே தேடுவது என்று கேட்டிருந்தாய். பைவர், அப்ஒர்க் என்று ஆன்லைனில் வேலை பிடிக்கிற இரண்டு தளங்கள் இருக்கின்றன. பைவரில் கடை விரித்துவிட்டுக் காத்திருக்க வேண்டும், ஆர்டரில் 20 சதவீதம் எடுத்துக்கொள்வார்கள். அப்ஒர்க்கில் நாம்தான் போய்க் கேட்க வேண்டும். கேட்பதற்கே கனெக்ட் என்கிற டோக்கன் செலவாகும், ஒன்று 15 சென்ட். ஒரு விண்ணப்பத்துக்குப் பல கனெக்ட் போகும். வேலை கிடைத்தால் அதிகபட்சம் 15 சதவீதம் வரை கமிஷன். காசு போகிறதே என்றுதான் சொல்கிறேன்: கண்ணில் பட்டதற்கெல்லாம் போடாதே. லோகோவை இணைத்து, துணி என்ன, அளவு என்ன என்று எழுதியிருக்கிற வேலைக்கு மட்டும் போடு. அவனுக்கு மட்டும்தான் நான் மேலே சொன்ன மாதிரிக் கடிதம் எழுத முடியும். முழு வேலைக்கும் ஒரே விலை என்று பேசிய வேலையென்றால் பார்ட்டி பணத்தை முன்கூட்டியே அங்கே கட்டி வைத்தானா என்று பார்த்துவிட்டு ஆரம்பி. பைலைக் கொடுத்த பிறகு அவன் 14 நாள் பதிலே சொல்லாவிட்டாலும் பணம் உன் பக்கம் வந்துவிடும்.

இவை இல்லாமல் நேராகவும் எழுதலாம். ஒரு கடை தன் இணையப் பக்கத்தில் போட்டிருக்கிற வேலைகளைப் பார், எதில் எழுத்து அடைத்திருக்கிறது, எதில் ஓரம் சுருங்கியிருக்கிறது என்று நம் கண்ணுக்குத் தெரியும். அதைக் குறை சொல்லாமல், “இந்தத் துணியில் இது வராமல் இருக்க நான் இப்படிச் செய்வேன்” என்று தணிவாக எழுது. பலர் பதில் போடமாட்டார்கள். போடுகிறவர்கள் நிலைப்பார்கள்.

ஏமாற்றுக்காரர்களைப் பற்றி உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. டேட்டா என்ட்ரி என்று சொல்லிப் பதிவுக் கட்டணம் வாங்கி, பிறகு வக்கீல் நோட்டீஸ் என்று மிரட்டுகிற கூட்டம் நம் ஊரிலேயே எத்தனை பேர் வாழ்க்கையைக் கெடுத்திருக்கிறது! வேலை கொடுக்கிறவன் உன்னிடம் பணம் கேட்டால், டெலிகிராமுக்கு வா என்றால், அங்கேயே நிறுத்து. பணம் போய்விட்டது என்றால் தாமதிக்காமல் சைபர் குற்ற உதவி எண் 1930க்குப் போன் பண்ண வேண்டும்.

வரி விஷயம்: வருஷ வரவு 20 லட்சத்தைத் தாண்டும் வரை ஜிஎஸ்டி பதிவு கட்டாயமில்லை. வெளிநாட்டுப் பணம் வந்ததற்கான சான்றை ஒவ்வொரு தடவையும் எடுத்து வைத்துக்கொண்டு, ஒரு ஆடிட்டரைப் பார்த்துவிடு.

ஏஐ வந்து இதையும் சாப்பிட்டுவிடாதா என்று கேட்டாய். பட்டனை அமுக்கினால் பஞ்ச் ஆகிற சாப்ட்வேர் நாம் தொழிலுக்கு வந்தபோதே இருந்தது. இப்போது இன்னும் கெட்டிக்காரத்தனமாகச் செய்கிறது, அது உண்மை. ஆனால் துணி இழுபடுவதும் ஊசி உடைவதும் மிஷினில்தான் நடக்கிறது. அப்படி எடுத்த பைலில் நூல் அறுந்துகொண்டே இருக்கிறது, சரிசெய்து கொடு என்று வருகிற வேலையே எனக்கு இப்போது கணிசம். அவர்களிடம் நான் முதலில் கேட்பது, என்ன துணி, அடியில் தாங்கலுக்கு வைக்கிற பேக்கிங் தாள் எது என்றுதான். அதைக் கேட்கத் தெரிந்த ஆளுக்கு இன்னும் பல வருஷம் வேலை இருக்கும் என்று நான் மனதார நம்புகிறேன்.

வேலையை உடனே விட்டுவிடாதே. பாதிச் சம்பளமானாலும் வரட்டும். நைட் ஷிப்ட் இல்லாத ராத்திரிகளில் சாம்பிள் வேலையை ஆரம்பி. தொப்பி பிரேம் வைத்திருக்கிற யூனிட் உங்கள் பக்கம் எது என்று விசாரித்து எழுது. இல்லையென்றால் எனக்குத் தெரிந்த ஒருவர் பல்லடம் ரோட்டில் இருக்கிறார், சொல்லி வைக்கிறேன். நீ விண்ணப்பம் போடுகிற முதல் வேலையின் லோகோவை எனக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பு, எழுதுகிற கடிதத்தையும் அனுப்பு. இரண்டு பேருமாகப் பார்த்துவிட்டு அனுப்பலாம். ஞாயிறு பத்து மணிக்கு மேல் நான் சும்மாதான் இருப்பேன், கூப்பிடு. தங்கச்சியையும் குழந்தைகளையும் கேட்டதாகச் சொல்லு.

அன்புடன்,
உன் மச்சான்