வெடி வடிவமைப்பு மென்பொருள்: போட்ட குழியின் அளவையும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கல்குவாரி, சுண்ணாம்புக்கல் சுரங்கம் பற்றிய கருத்துக் கேட்புக் கூட்டங்களில் அடிக்கடி காதில் விழும் பதில் இது: "வெடிவைப்பு முழுக்கக் கணினி மென்பொருளில் வடிவமைக்கப்படும், அதிர்வு வரம்புக்குள்தான் இருக்கும்." ஊர்க்காரர்கள் இதை நம்புவதில்லை. அதிகாரிகள் குறித்துக்கொண்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். மென்பொருள் நல்ல கருவிதான். ஆனால் அது பாறையைப் பார்ப்பதில்லை. நாம் ஊட்டும் எண்களை மட்டுமே பார்க்கிறது. எந்த எண்கள் என்பதை யாரும் கேட்பதில்லை என்பதால்தான் இந்தக் கடிதம்.

சர்பேக், டெஸ்விக், ஷாட்பிளஸ், ஓ-பிட்பிளாஸ்ட் என்று எந்த மென்பொருளை எடுத்தாலும் வேலை ஏறக்குறைய ஒரே வரிசையில்தான் நடக்கும். பென்ச்சின் (பாறையில் படிக்கட்டு போல வெட்டிய தட்டின்) மேல்விளிம்பு, அடிவிளிம்பு, தளமட்டம் ஆகியவற்றைச் சர்வேயிலிருந்து ஏற்ற வேண்டும். வெடிக்கப்போகும் பரப்பைக் கோடு போட்டு அடைக்க வேண்டும். பர்டன், அதாவது குழிக்கும் திறந்த முகப்புக்கும் உள்ள தூரம், அடுத்தடுத்த குழிகளுக்கான ஸ்பேசிங், சாய்வு, அடித்தளத்துக்குக் கீழே போகும் கூடுதல் ஆழம் ஆகியவற்றைக் கொடுத்தால் குழிகள் தானே விழும். பிறகு வெடிமருந்து, குழியின் வாயை அடைக்கும் ஸ்டெம்மிங், குழிகளை ஒன்றன்பின் ஒன்றாக வெடிக்கச் செய்யும் தாமத இணைப்பு. கடைசியில் குழிப்பட்டியல் வெளியே வரும். பழகிய கைக்கு அரை மணி நேர வேலை.

ஒரு சாதாரணக் கணக்கை வைத்துப் பேசலாம். 8 மீட்டர் பென்ச், 115 மி.மீ. குழி, பர்டன் 3 மீட்டர், ஸ்பேசிங் 3.5 மீட்டர். ஒரு குழிக்கு 84 கன மீட்டர் பாறை. கூடுதல் ஆழம் பர்டனில் 0.3 பங்கு, 0.9 மீட்டர், குழி நீளம் 8.9 மீட்டர். மேலே 3 மீட்டர் ஸ்டெம்மிங் போக மருந்துக்கு 5.9 மீட்டர் மிச்சம். இங்கேயே முதல் பிழை காத்திருக்கிறது. குழி முழுவதையும் மருந்து நிரப்புவதாக மென்பொருள் எடுத்துக்கொண்டால், 1.15 அடர்த்தியில் மீட்டருக்கு 11.9 கிலோ, குழிக்கு 70 கிலோ என்று காட்டும். நம் குவாரிகளில் பெரும்பாலும் இறங்குவது 83 மி.மீ. தோட்டா (உறையிலிட்ட வெடிமருந்து உருளை), மீட்டருக்கு 6.2 கிலோதான். 2.78 கிலோ தோட்டா 13 போட்டால் 36 கிலோ, கன மீட்டருக்கு 0.43 கிலோ. மருந்துப் பட்டியலில் தோட்டாவின் விட்டத்தை மாற்றாமல் விட்டால் அறிக்கையில் வரும் மருந்தளவு ஏறக்குறைய இரட்டிப்பாகிவிடும். அதைப் பார்த்து "மருந்து அதிகம்" என்று ஸ்பேசிங்கை விரித்துவிட்டால், களத்தில் பாறை உடையாமல் பெரிய கட்டிகளாக நிற்கும். அவற்றை உடைக்கப் பிரேக்கர் நாள் முழுக்க ஓட வேண்டும்.

இதன் மறுபக்கமும் உண்டு. தோட்டாவைக் கத்தியால் கீறி இறக்கினால் அது குழிக்குள் பரவி உட்காரும். அதே 36 கிலோ 5.8 மீட்டருக்குப் பதில் 3 மீட்டர் உயரத்தில் முடிந்துவிடும். மேலே கிட்டத்தட்ட 6 மீட்டர் மருந்தில்லாமல் கிடக்கும். கீழே தூள், மேலே பாறாங்கல் என்று வரும் வெடிகளில் பலவற்றுக்குக் காரணம் இதுதான். வரைபடத்தில் எந்தத் தவறும் தெரியாது. தோட்டா கீறப்படுமா, முழுசாக இறங்குமா என்பதை வடிவமைப்பவர் பிளாஸ்டரிடம் (வெடி வைப்பவரிடம்) கேட்டு முடிவுசெய்ய வேண்டும்.

அடுத்தது முகப்பு. கல் பறக்கும் விபத்துகளின் வேர் பெரும்பாலும் முதல் வரிசையில்தான். மேல்விளிம்பை மட்டும் ஏற்றி அடிவிளிம்பை ஏற்றாவிட்டால், முகப்பு நெட்டுக்குத்தாக இருப்பதாகக் கணக்கு போகும். உண்மையில் 75 டிகிரி சாய்ந்த 8 மீட்டர் முகப்பில் அடி, மேல்விளிம்பைவிட 2.1 மீட்டர் முன்னே நீட்டிக்கொண்டிருக்கும். விளிம்பிலிருந்து 3 மீட்டர் தள்ளி நேர்குழி போட்டால் அடியில் பர்டன் 5.1 மீட்டர். அங்கே பாறை நகராது. டோ, அதாவது அடிப்பாறை, உடையாமல் நின்றுவிடும், சக்தி நிலத்துக்குள் அதிர்வாகப் போகும். சரி, குழியை விளிம்புக்கு 1.5 மீட்டர் நெருக்கிப் போடலாம் என்றால், அடியில் 3.6 மீட்டர் சரியாகும், மேலே, 3 மீட்டர் ஸ்டெம்மிங்குக்குக் கீழே, மருந்தின் தலைக்கு முன்னால் 2.3 மீட்டர் பாறைதான் நிற்கும். கல் பறப்பது அங்கிருந்துதான். முகப்பின் சாய்வுக்கு இணையாகக் குழியைச் சாய்ப்பதே முறையான தீர்வு. துளையிடும் ரிக் சாயாது என்றால், முதல் வரிசைக்கு மட்டும் ஸ்டெம்மிங்கைக் கூட்டி மருந்தின் தலையைக் கீழே இறக்க வேண்டும்.

முகப்பு ஒரே சீரான சரிவாக இருப்பதும் அரிது. முந்தைய வெடி பின்னால் கிழித்த இடத்தில் குழிவு இருக்கும். மண் பட்டை ஓடும். முதல் வரிசையின் ஒவ்வொரு குழிக்கும் நேரே முகப்பை வெட்டி, அரை மீட்டருக்கு ஒருமுறை பர்டனைக் காட்டும் வசதி நல்ல மென்பொருள்களில் இருக்கிறது. ஓரிடத்தில் அது 3 மீட்டருக்குப் பதில் 1.8 என்று வந்தால், அந்த நீளத்துக்கு மருந்து வைக்காமல் ஜல்லி இட்டு இடைவெளி விட வேண்டும். இந்த வசதியைப் பயன்படுத்த முகப்பின் முப்பரிமாண அளவு வேண்டும். பெரிய சுரங்கங்களிடம் அதற்கான கருவி ஏற்கெனவே இருக்கிறது: ஆண்டுக்கு 10 லட்சம் டன் அல்லது 50 ஹெக்டேர் அளவை எட்டும் முதன்மைக் கனிமக் குத்தகைகள் ஆண்டுதோறும் டிரோன் அளவீட்டை இந்தியச் சுரங்கப் பணியகத்துக்கு (ஐ.பி.எம்.) தர வேண்டும் என்பது விதி. ஆனால் ஆண்டுக்கு ஒருமுறை எடுத்த படம் இந்த வாரத்து வெடிக்கு உதவாது. உடைந்த கல்லை அள்ளி முடித்ததும் ஒவ்வொரு தடவையும் பறக்க வேண்டும். கேமராவை நேர்கீழே வைத்துப் பறந்தால் முகப்பே பதிவாகாது. சாய்த்து வைத்து, முகப்புக்கு எதிரே ஒரு சுற்று தனியாகப் போக வேண்டும்.

ஆயத்தொலைவுகளில் நம் ஊருக்கே உரிய ஒரு வம்பு உண்டு. யு.டி.எம். என்ற வரைபட ஆயத்தொலைவு முறையில் மண்டலம் 43க்கும் 44க்கும் எல்லை 78 டிகிரி கிழக்குத் தீர்க்கரேகை. திருப்பூர் 43ல், கரூர் 44ல், திண்டுக்கல் நகரம் எல்லையை ஒட்டி 43ல். இந்தப் பட்டையில் டிரோன் படம் ஒரு மண்டலத்திலும் சர்வேயர் கொடுத்த புள்ளிகள் இன்னொன்றிலும் இருப்பது நடக்கக்கூடியதே. இது பெரிய பிழை என்பதால் உடனே கண்ணில் படும். உயரமும் அப்படித்தான்: ஜி.பி.எஸ். தரும் நீள்வட்ட உயரத்துக்கும் கடல்மட்ட உயரத்துக்கும் இங்கே ஏறத்தாழ 90 மீட்டர் வித்தியாசம், யாரும் ஏமாறமாட்டார்கள். ஆபத்து சின்னப் பிழையில்தான். பெஞ்ச்மார்க் கல்லின் (உயரம் குறித்த அளவைக் கல்லின்) மதிப்பு அரை மீட்டர் தவறாக இருந்தால் குழிகள் எல்லாம் அரை மீட்டர் குறைந்தோ கூடியோ போகும். தளம் மேடாகும், அடுத்த பென்ச்சில் ரிக் நிற்கவே சிரமப்படும்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்தது. வரைந்த குழி வேறு, போட்ட குழி வேறு. ரிக்கின் மாஸ்டை (துளைக்கம்பியைத் தாங்கும் தூணை) கண்மட்டத்தில் நிறுத்தினால் 1 டிகிரி பிசகுவது சாதாரணம். 9 மீட்டர் ஆழத்தில் அது 16 செ.மீ. பிசகு 5 டிகிரி ஆனால் 79 செ.மீ. அடுத்த குழி எதிர்ப்பக்கம் பிசகினால் இரண்டின் அடியும் நெருங்கிவிடும், மறுபக்கத்துக் குழியும் விலகிப் பிசகினால் அங்கே 3.5 மீட்டர் இடைவெளி 5 மீட்டராக விரியும். குழிவாயிலுள்ள துளைத்தூள் சரிந்து அடியில் ஒரு மீட்டர் அடைபட்டிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் குழியில் தண்ணீர் நிற்கும். அம்மோனியம் நைட்ரேட் எண்ணெய்க் கலவை அதில் கரைந்து செத்துப்போகும், இலேசான தோட்டா பாதியில் மிதந்து கீழே வெற்றிடம் விடும். ஆகவே துளையிட்ட பின் ஒவ்வொரு குழியின் இடம், ஆழம், சாய்வு, நீர்மட்டம் ஆகியவற்றை அளந்து, அந்த அளவுகளைத் திரும்ப மென்பொருளில் ஏற்றி, மருந்தைக் குழிவாரியாக மறுபடி கணக்கிட வேண்டும். நாடாவும் எடைக்கட்டியும் போதும். சாய்வுக்கு மட்டும் தனிக்கருவி வேண்டும். இந்த இரண்டாவது சுற்றைத் தவிர்த்துவிட்டு முதல் வரைபடத்தையே பதிவேட்டில் ஒட்டுவது, மென்பொருள் வாங்காமலே இருந்ததற்குச் சமம்.

தாமத இணைப்பில் கண்ணுக்குத் தெரியாத கண்ணி ஒன்று. குழிக்குக் குழி 25 மில்லிவினாடி, வரிசைக்கு வரிசை 42 மில்லிவினாடி என்று நானல் (மின்சாரமின்றி வெடிப்பைக் கடத்தும் மெல்லிய குழாய்) இணைப்பது பழகிய முறை. கூட்டிப் பாருங்கள்: நான்காம் வரிசையின் முதல் குழி 126ல் வெடிக்கும், முதல் வரிசையின் ஆறாவது குழி 125ல். 8 மில்லிவினாடிக்குள் வெடிப்பவற்றை ஒரே வெடியாகக் கொள்வது தொழிலின் நடைமுறை. போதாததற்கு, குழிக்குள் இருக்கும் 250 மில்லிவினாடி டெட்டனேட்டரில் (மருந்தை வெடிக்கத் தூண்டும் கருவியில்) 2 சதவீதம் சிதறினாலே 5 மில்லிவினாடி போய்விடும். மூன்று வரிசையோடு நிறுத்தினாலும் அருகருகே பல குழிகள் 8 மில்லிவினாடி இடைவெளியில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒரே சமயத்தில் எத்தனை கிலோ வெடிக்கிறது என்று காட்டும் வரைபடம் மென்பொருளில் உண்டு; சிதறலையும் சேர்த்து அதை ஓட்டிப் பார்க்க வேண்டும். எலெக்ட்ரானிக் டெட்டனேட்டரில் சிதறல் மிகக் குறைவு; ஆனால் நேரங்களைத் தவறாகக் கொடுத்தால் தவறான நேரத்தில்தான் துல்லியமாக வெடிக்கும்.

இது வீட்டுச் சுவரோடு எப்படி முடிச்சுப் போடுகிறது? தமிழ்நாடு சிறுகனிமச் சலுகை விதிகளின்படி குடியிருப்புக்கும் குவாரிக்கும் 300 மீட்டர் இடைவெளி. சுரங்கப் பாதுகாப்பு இயக்குநரகத்தின் 1997ஆம் ஆண்டு சுற்றறிக்கை, சுரங்கத்துக்குச் சொந்தமில்லாத வீடுகளுக்கு, அதிர்வெண் 8 ஹெர்ட்ஸுக்குக் கீழ் இருந்தால் நொடிக்கு 5 மி.மீ., 8 முதல் 25 வரை 10, அதற்கு மேல் 15 என்று வரம்பு வைக்கிறது. தூரத்தை மருந்தெடையின் வர்க்கமூலத்தால் வகுத்து அதிர்வை மதிப்பிடும் சூத்திரத்தில், பரவலாகப் புழங்கும் 1140, 1.6 என்ற மாறிலிகளைப் போட்டால், 300 மீட்டரில் ஒரு குழி 36 கிலோவுக்கு 2.2 மி.மீ. வருகிறது. இரண்டு குழி சேர்ந்தால் 3.8. நான்கு சேர்ந்தால் 6.6, தாழ்ந்த அதிர்வெண்ணில் இது வரம்பு மீறல். மருந்து ஒரு கிலோகூடக் கூடவில்லை, நேரம் மட்டும் மோதியது.

அந்த 1140ம் 1.6ம் நம் பாறையில் எடுத்தவை அல்ல, ஆஸ்திரேலியத் தரநிலையில் வருபவை. சார்னோகைட், படிகச் சுண்ணாம்புக்கல், அரியலூரின் படிவுச் சுண்ணாம்புக்கல் ஒவ்வொன்றும் அதிர்வை ஒவ்வொரு விதமாகக் கடத்தும். பல தூரங்களில், பல மருந்தளவுகளில் இருபது முப்பது அளவீடாவது எடுத்து, சராசரிக் கோட்டை விட்டுவிட்டு 95 சதவீத மேல்கோட்டை வைத்து அந்தச் சுரங்கத்துக்கென மாறிலி காண வேண்டும். ஜியோபோனை (அதிர்வை அளக்கும் உணரியை) அஸ்திவாரத்தை ஒட்டிய இறுகிய மண்ணில் பதிக்க வேண்டும். திண்ணையில் சும்மா வைத்து எடுத்த அளவு எதற்கும் ஆகாது.

உடைந்த கல்லின் அளவை முன்கூட்டிச் சொல்லும் குஸ்-ராம் வளைகோடு பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. அதிலுள்ள பாறைக் காரணியை இடத்துக்கேற்ப மாற்றாவிட்டால் வெறும் படம்தான். தூள் எவ்வளவு வரும் என்பதை அது குறைத்தே சொல்லும்.

ஸ்டெம்மிங்குக்குத் துளைத்தூளைத் தள்ளுவதையும் மென்பொருள் தடுக்காது. 115 மி.மீ. குழிக்கு 10 முதல் 12 மி.மீ. வரையான கூர்முனை ஜல்லி வேண்டும். தூள் துப்பாக்கிக் குண்டு போல வெளியேறிவிடும். மிச்சமான ஒரு தோட்டாவைத் திருப்பி அனுப்ப மனமின்றிக் குழியில் போட்டால் ஸ்டெம்மிங் 45 செ.மீ. குறையும் என்பதையும் மேட்டிடம் (வேலையைக் கவனிக்கும் மேற்பார்வையாளரிடம்) சொல்லி வைக்க வேண்டும்.

கையால் பிடித்துத் துளையிடும் ஜாக்ஹாம்மரில் ஒன்றரை மீட்டர் குழி போடும் சிறு குவாரிகளுக்கு இத்தனையும் தேவையில்லை. அவர்கள் மென்பொருளுக்குச் செலவிடுவது வீண். நாடாவும் நோட்டும் நேர்மையான பதிவும் போதும்.

ஆழ்குழி போடும் இடங்களில், மாவட்டக் கனிமவளத் துறையும் கருத்துக் கேட்புக்கு வரும் பொதுமக்களும் கேட்க வேண்டியவை நான்கு: வெடிக்கு முந்தைய முகப்பின் அளவீடு, போட்ட குழிகளின் அளவுப் பட்டியல், 8 மில்லிவினாடிக் கணக்கு, அந்த இடத்திலேயே கண்ட அதிர்வு மாறிலி. வண்ண அச்சுப்பிரதி வேண்டாம். குழிப்பட்டியலைக் கணினிக் கோப்பாகவே வாங்குங்கள். எல்லாக் குழிக்கும் ஆழம் 8.9 என்று ஒரே எண் வரிசையாக இருந்தால், யாரும் நாடாவைக் கீழே இறக்கவில்லை என்று பொருள்.

இப்படிக்கு,
சுரங்கத் திட்டமிடல் பொறியாளர்,
திண்டுக்கல்.