கிக் டிரம் எங்கே போனது? டெத் மெட்டல் மறுவெளியீட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மறுவெளியீட்டு நிறுவனத்தாருக்கும் அவர்களுடைய மாஸ்டரிங் பொறியாளர்களுக்கும்,

வணக்கம். அதிவேகமும் கனத்த கிட்டாரும் கொண்ட ஃப்ளோரிடா டெத் மெட்டல் இசையின் இன்னொரு பழைய ஆல்பம் ‘புத்தம்புது ரீமாஸ்டர்’ (ஒலியை மறுபடி சீர்செய்த பதிப்பு) என்ற ஸ்டிக்கரோடு வந்திருக்கிறது. வழக்கம்போலச் சத்தம் கூடியிருக்கிறது, டிரம்ஸ் காணாமல் போயிருக்கிறது. அந்த இசையின் பல ஆல்பங்கள் பதிவான டாம்பாவின் மோரிசவுண்ட் ஸ்டூடியோ என்ன, அங்கே அவற்றில் பலவற்றைப் பதிவு செய்த ஸ்காட் பர்ன்ஸ் யார் என்றெல்லாம் உங்களுக்கு நாங்கள் சொல்ல வேண்டியதில்லை. அந்தப் பெயர்களை வைத்துத்தானே விற்கிறீர்கள். நாங்கள் கேட்பது ஒன்றே ஒன்று: மூல மாஸ்டர் டேப்பிலிருந்து எடுத்த, லிமிட்டர் (உச்சங்களை அழுத்தி மொத்தச் சத்தத்தை ஏற்றும் கருவி) போட்டு நசுக்காத ஒரு பதிப்பு.

காலால் மிதித்து அடிக்கும் கிக் டிரம்மை மட்டும் பாருங்கள். நிமிடத்துக்கு 200 பீட் வேகத்தில் டபுள் பாஸ் (இரு கால்களாலும் மாறி மாறி மிதிக்கும் கிக்) பதினாறாம் பங்கு அடிகளாக ஓடினால், 75 மில்லிசெகண்டுக்கு ஓர் அடி விழும். கிக்கின் தாழ்ந்த 60 ஹெர்ட்ஸ் அடியோசையின் ஓர் அலைக்கே ஏறக்குறைய 17 மில்லிசெகண்ட் ஆகும். நாலரை அலை ஓடுவதற்குள் அடுத்த அடி வந்துவிடுகிறது. கிக்கைத் தாராளமாக முழங்க விட்டால் எல்லாம் ஒன்றோடொன்று கலந்து வெறும் உறுமலாகிவிடும். ஆகவே அடியோசையைச் சுருக்கி, பெடலின் சுத்தியல் தோலில் மோதும் அந்த ‘டிக்’கை மேலே தூக்க வேண்டும். பர்ன்ஸ் பதிவுகளில் ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் காதில் விழுவது இதனால்தான். பல இடங்களில் அடியை உணரும் டிரிகரும், அது ஒலிக்கவிடும் முன்பதிவு ஒலியான சாம்பிளும் அதற்குத் துணை. டைப்ரைட்டர் சத்தம் என்று கிண்டல் செய்தவர்கள் உண்டு. செய்யட்டும், அடி கேட்கிறதல்லவா?

அந்த ‘டிக்’ மிகக் குறுகிய உச்சம். கிட்டாரோ டிஸ்டார்ஷனில் ஏற்கெனவே தட்டையாகிப் போனது, அதில் ஏற்ற இறக்கம் என்று பெரிதாக எதுவும் மிச்சமில்லை. இந்த இசையில் மேலெழும்பி நிற்பவை ஸ்னேர் டிரம்மும் கிக்கும் மட்டுமே. நீங்கள் லிமிட்டரில் 6 டெசிபல் தள்ளும்போது வெட்டுப்படுவதும் அவைதான். அழுத்தியதை விடுவிக்க எடுக்கும் நேரத்தை, அதாவது ரிலீஸை, 100 மில்லிசெகண்டில் வைத்தால், லிமிட்டர் மீள்வதற்குள் அடுத்த கிக் வந்து மறுபடி அழுத்துகிறது. டபுள் பாஸ் ஓடும் வரை கிட்டாரும் குரலும் சேர்ந்து அமுங்கிக் கிடக்கின்றன. ரிலீஸை மிகவும் குறைத்தால் லிமிட்டர் தாழ்ந்த பாஸ் ஒலியின் அலையையே பின்தொடர்ந்து அதைக் கரகரக்க வைக்கிறது. ஸ்னேரும் கிக்கும் இடைவிடாமல் அதிவேகமாக அடிக்கும் பிளாஸ்ட் பீட் வந்தால் கேட்கவே வேண்டாம். இவ்வளவும் எதற்கு? ஸ்பாட்டிஃபை எப்படியும் எல்லாவற்றையும் சுமார் மைனஸ் 14 எல்யுஎஃப்எஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தின் அலகு) அளவுக்குக் கொண்டுவந்துவிடும். ஏற்றிய சத்தம் அங்கே இறங்கிவிடும், செய்த சேதம் மட்டும் நிற்கும்.

ஸ்வீடன் டெத் மெட்டல் பதிவான ஸ்டாக்ஹோமின் சன்லைட் ஸ்டூடியோவுக்கும் இதே கதிதான். தோமாஸ் ஸ்கூக்ஸ்பெரி அங்கே எடுத்த பதிவுகளில், பாஸ் (Boss) நிறுவனத்தின் எச்எம்-2 டிஸ்டார்ஷன் பெடலின் நான்கு குமிழ்களையும் முழுக்கத் திருப்பிய கிட்டார் நடு அலைவரிசை முழுவதையும் ஏற்கெனவே அடைத்துக்கொண்டு நிற்கிறது. அதற்கு மேலும் நசுக்கினால் ஸ்னேருக்கு நுழைய இடமே இல்லை.

பர்ன்ஸ் தொட்டதெல்லாம் ஒரே மாதிரி என்று ஒரு பழைய குற்றச்சாட்டு உண்டு. 1990-ல் வந்த ஒபிச்சுவரியின் ‘காஸ் ஆஃப் டெத்’, 1991-ல் வந்த சஃபொகேஷனின் ‘எஃபிஜி ஆஃப் தி ஃபர்காட்டன்’, 1993-ல் வந்த சினிக்கின் ‘ஃபோகஸ்’ மூன்றையும் அன்றைய சிடியில் கேட்டவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள். உங்கள் கைவண்ணத்தில்தான் அந்தக் குற்றச்சாட்டு உண்மையாகிக்கொண்டிருக்கிறது. மோரிசவுண்ட் என்றாலே பர்ன்ஸ் என்று விளம்பரத்தில் எழுதிவிடுவது இன்னொரு கூத்து. மார்பிட் ஏஞ்சலின் ‘ஆல்டர்ஸ் ஆஃப் மேட்னஸ்’ அங்கே பதிவானதுதான், ஆனால் அது அவர் செய்ததல்ல. ரத்தத் தெறிப்பு வைனல், இருட்டில் ஒளிரும் வைனல், துணி பேட்ச் எல்லாவற்றுக்கும் உங்களிடம் காசு இருக்கிறது. நசுக்கிய அதே டிஜிட்டல் கோப்பைத்தான் அந்த வைனலிலும் வெட்டுகிறீர்கள். டேப்பைத் தேட மட்டும் ஆள் கிடைக்கவில்லை போலும்.

மன்னிக்கவும், கேட்க வந்ததற்கே திரும்புகிறோம். 80-களின் டேப் பிசுபிசுத்திருந்தால் 50 டிகிரி செல்சியஸுக்குச் சற்று மேலே பல மணி நேரம் சூடாக்கி, ஆறவிட்டு ஓட்டலாம். இதை உங்கள் பொறியாளர்களே அறிவார்கள். டேப்பின் தொடக்கத்தில் சோதனை டோன் இருந்தால் அதை வைத்து, டேப்பைப் படிக்கும் ஹெட்டின் சாய்வுக் கோணமான அசிமுத்தைச் சரிசெய்யுங்கள். அது பிசகினால் முதலில் மங்குவது அந்த ‘டிக்’தான். 24 பிட், 96 கிலோஹெர்ட்ஸில் மாற்றி, உச்சங்களை வெட்டாமல் அப்படியே வெளியிடுங்கள். சத்தமான பதிப்புதான் விற்கும் என்றால் அதையும் விற்றுக்கொள்ளுங்கள். பக்கத்திலேயே நசுக்காத பதிப்பையும் வையுங்கள். எந்த டேப்பிலிருந்து எடுத்தது, பதிவு செய்தவர் யார், மாஸ்டரிங் யார் என்பதை அட்டையில் அச்சிட்டுவிட்டால், வாங்கலாமா வேண்டாமா என்று நாங்களே முடிவு செய்துகொள்வோம்.

இப்படிக்கு,
பழைய சிடிகளை இன்னும் விற்காமல் வைத்திருக்கும் கேட்பவர்கள்