முகப்புப் பக்கத்தைப் பார்த்து ஆண்டை எழுதுங்கள்: மின்னூலகப் பிரிவுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மின்னூலகப் பிரிவுப் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம். பழைய நூல்களை ஸ்கேன் செய்யும் பணியின் இரண்டாம் கட்டம் அடுத்த மாதம் தொடங்குகிறது என்றும், முதல் கட்டத்தில் ஸ்கேன் முடிந்த நூல்கள் மூட்டை கட்டிக் கிடங்குக்குப் போகின்றன என்றும் சுற்றறிக்கை வந்திருக்கிறது. முதல் கட்டப் பதிவுகளில் உள்ள பிழைகளைப் பற்றி மூன்று முறை எழுதினோம். 'அடுத்த கட்டத்தில் பார்த்துக்கொள்ளலாம்' என்றுதான் ஒவ்வொரு முறையும் பதில் வந்தது. நூல் கிடங்குக்குப் போன பிறகு எதை வைத்துப் பார்ப்பது? அதனால்தான் இப்போது பொதுவில் எழுதுகிறோம்.

எங்கள் கோரிக்கை ஒன்றுதான். நூல் கையில் இருக்கும்போதே முகப்புப் பக்கத்தைப் பார்த்து, அச்சிட்டுள்ளபடி ஆண்டைப் பதியுங்கள். அது முடியும்வரை எந்த நூலும் கிடங்குக்குப் போக வேண்டாம்.

மின்னூலகத்தில் 1900 என்று போட்டுத் தேடினால் திரை திரையாக நூல்கள் வருகின்றன. பெரும்பாலானவை அந்த ஆண்டில் வந்தவை அல்ல. ஆண்டுக் கட்டத்தைக் காலியாக விட்டால் மின்னூலகத்தை இயக்கும் டிஸ்பேஸ் மென்பொருள் பதிவை ஏற்காது. அந்தக் கட்டமோ எண்ணைத்தான் வாங்கும். முகப்புப் பக்கத்தில் இருப்பது 'தாது வருடம் ஆவணி மாதம்'. பக்கக் கணக்கில் கூலி வாங்கும் தட்டச்சர் 1900 என்று அடித்துவிட்டு அடுத்த நூலுக்குப் போயிருக்கிறார். அவர்மேல் எங்களுக்கு வருத்தம் இல்லை. அவருக்கு வேறு வழி வைக்காமல் படிவத்தை அமைத்தவர்கள்மேல்தான் வருத்தம்.

தாது வருடம் 60 ஆண்டுக்கு ஒருமுறை வரும்: 1816, 1876, 1936. அச்சுக்கூடம் நடத்த இந்தியருக்கு இருந்த தடை 1835இல்தான் நீங்கியது என்பதால் 1816ஐப் பெரும்பாலும் ஒதுக்கிவிடலாம். மீதி இரண்டில் எது? விலையைப் பார்த்துச் சொல்ல முடியாது, இரண்டு காலத்திலும் அணாக் கணக்குதான். அச்சுக்கூடத்தின் பெயரும் தெருவும் ஓரளவு உதவும், பின்னட்டை விளம்பரமும் உதவும். எல்லாவற்றையும்விட உறுதியான சான்று நூலக முத்திரையும், நூலகத்துக்கு வந்த நூல்களை வரிசை எண்ணிட்டு எழுதிவைக்கும் சேர்க்கைப் பதிவேடும். சேர்க்கை எண்ணை வைத்துப் பதிவேட்டைப் புரட்டும்போது அந்த நூல் 1911இல் வரவு வைக்கப்பட்டிருந்தால், 1936 என்ற பேச்சுக்கே இடமில்லை. மாதத்தையும் விட்டுவிடக் கூடாது. தமிழ் ஆண்டு ஏப்ரல் நடுவில் பிறக்கிறது. ஆகவே தாது ஆவணி என்றால் 1876, அதே தாது வருடத்து மாசி என்றால் 1877.

இதையெல்லாம் ஸ்கேன் கோப்பை வைத்துப் பிறகு செய்யலாமே என்று உங்கள் பதிலில் இருந்தது. செய்ய முடியாது. பல நூல்களில் முத்திரை அட்டையின் உட்புறத்தில் இருக்கிறது. அந்தப் பக்கத்தை 'வெற்றுப் பக்கம்' என்று ஸ்கேன் செய்யாமலே விட்டிருக்கிறார்கள். ஸ்கேன் படத்திலுள்ள எழுத்தைப் படிக்கும் மென்பொருளான எழுத்துணரியையும் நம்ப முடியாது. ௲௮௱௭௰௬ என்று தமிழ் எண்ணில் அச்சிட்ட 1876ஐ அது படிக்கும்போது ௮ 'அ' ஆகிறது, ௭ 'எ' ஆகிறது. நூலைக் கையில் எடுத்துப் பார்ப்பவரால்தான் இதைத் தீர்க்க முடியும்.

இதற்குப் பெரிய செலவும் இல்லை. நூலைப் பற்றிய விவரங்களைப் பதியும் மெட்டாடேட்டா பட்டியலில் இரண்டு புலங்களை, அதாவது இரண்டு கட்டங்களை, கூட்டுங்கள்: ஒன்றில் அச்சிலுள்ளபடி ஆண்டு, இன்னொன்றில் அந்த முடிவுக்கு எப்படி வந்தோம் என்ற குறிப்பு. ஆங்கில ஆண்டு இப்போதுள்ள கட்டத்திலேயே இருக்கட்டும். ஆனால் அதைக் கட்டாயம் என்பதிலிருந்து எடுத்துவிடுங்கள். சமர்ப்பிப்புப் படிவக் கோப்பில் சில வரிகளை மாற்றி, சர்வரை ஒருமுறை நிறுத்தித் தொடங்கினால் போதும், அரைநாள் வேலை. ஐயம் இருந்தால் குறிப்புப் புலத்தில் '1876?' என்று எழுதலாம். தேதிகளை எழுதும் முறைக்காக 2019இல் வந்த ஐ.எஸ்.ஓ. 8601-2 என்ற பன்னாட்டுத் தரம் அதற்கு இடம் தருகிறது. சேர்க்கைப் பதிவேடுகளையும் ஸ்கேன் பட்டியலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஆண்டு தவறினால் கெடுவது தேடல் மட்டும் அல்ல. பதிப்புரிமை ஆசிரியர் மறைந்து 60 ஆண்டுவரை இருக்கிறது. 1936இல் எழுதியவர் 1980இல் மறைந்திருந்தால் அந்த உரிமை 2040 முடியும்வரை உண்டு. அப்படிப்பட்ட நூல் 1900 என்று பதிவானதால் 'பழையது' என்று எல்லோருக்கும் திறந்து கிடக்கிறது. ஆண்டறிக்கையோ பதிவிறக்க எண்ணிக்கையை முதல் பக்கத்தில் போடுகிறது. தேடுபொறிகளின் தானியங்கி நிரல்கள் வந்து இறக்கிப் போவதும் அந்தக் கணக்கில் சேர்ந்திருக்கிறது. அவற்றைக் கழிக்கவும், 30 நொடிக்குள் விழும் இரட்டைச் சொடுக்கை ஒன்றாக எண்ணவும் மின்னூலகப் பயன்பாட்டை எண்ணுவதற்கான கவுன்டர் (COUNTER) விதிமுறை சொல்கிறது. அந்த விதிப்படி எண்ணாத அறிக்கையை வைத்து அடுத்த ஆண்டு நிதி கேட்பது முறையா? எத்தனை பக்கம், எத்தனை இறக்கம் என்றே கேட்கிறார்கள். எந்த நூல், எந்தப் பதிப்பு என்று யாரும் கேட்பதில்லை.

அது தனியே பேசவேண்டிய விஷயம். இப்போது அவசரம் மூட்டைகள்தான். அவற்றை ஒரு மாதம் நிறுத்தி வையுங்கள். 1900 என்று பதிவான நூல்களை மட்டும் பிரித்து வாசிப்பு அறைக்கு அனுப்பினால், முகப்புப் பக்கத்தையும் முத்திரையையும் பதிவேட்டையும் ஒப்பிட்டு ஆண்டை எழுதித்தர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம். கூலி எதுவும் வேண்டாம். கிடங்கு வண்டி வருவதற்கு முன் உங்கள் பதிலை எதிர்பார்க்கிறோம்.

நன்றியுடன்,
நூலகத்தின் அட்டவணைப் பணியாளர்களும் வாசகர்களும்