கிளை நூலகத்தில் ஒரு பென்டிரைவ்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கல்லூரி திறக்கும் நேரத்தில் மடிக்கணினி வாங்குவோருக்கு யோசனை சொல்லித் தங்கள் நாளிதழில் ஒரு பக்கம் வந்திருந்தது. ராம் எவ்வளவு வேண்டும், எஸ்எஸ்டி எவ்வளவு, பேட்டரி எத்தனை மணி நேரம் நிற்கும், எல்லாம் இருந்தது. வாங்கிய கருவியில் தமிழ் அடிப்பது எப்படி என்று மட்டும் ஒரு வரி இல்லை. அதைப் பற்றியும், அதற்குக் கிளை நூலகங்கள் எப்படி உதவலாம் என்பதைப் பற்றியும்தான் எழுதுகிறேன்.

மன்னார்குடியில் நீதிமன்றத்துக்குப் பக்கத்தில் 22 வருடமாக டைப்பிங், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். தமிழ் டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்தவள். மனு, வாரிசுச் சான்று விண்ணப்பம், வாடகை ஒப்பந்தம், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று நாளெல்லாம் தமிழ்தான் அடிக்கிறேன்.

என் மகள் இந்த வருடம் பி.எஸ்சி. கணிதம் சேர்ந்தாள். அவளுக்கு ‘டாஸ் மாடல்’ மடிக்கணினி வாங்கினோம். விண்டோஸ் இல்லாமல் வருவதைக் கடைகளில் அப்படித்தான் சொல்வார்கள். விலை சில ஆயிரம் குறையும். பில் போடும்போதே, ‘ஐந்நூறு ரூபாய் கொடுங்கள் அக்கா, விண்டோஸ் ஏற்றித் தருகிறோம்’ என்றார் அந்தப் பையன். உரிமம் இல்லாத நகல். பெண்ணின் கையில் முதன்முதலாகக் கொடுக்கும் பொருள் திருட்டு நகலோடு போக வேண்டாம் என்று சொல்லிவிட்டு, கருவியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்தேன்.

அதற்குப் பதில் லினக்ஸ் மின்ட் போட்டோம். லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கணினியை இயக்கும் மென்பொருள், இலவசமாகவே கிடைக்கும். அதில் ஒரு வகைதான் மின்ட். ஏறத்தாழ 3 ஜிபி பதிவிறக்கம், 8 ஜிபி பென்டிரைவ் ஒன்று. கருவியில் எதையும் மாற்றாமல் பென்டிரைவிலிருந்தே ஓட்டிப் பார்க்கலாம். பிடித்திருந்தால்தான் நிறுவ வேண்டும். நிறுவ அரை மணி நேரம்கூட ஆகவில்லை. சிக்கல்கள் அதற்குப் பிறகுதான் வந்தன.

முதலில் வைஃபை வேலை செய்யவில்லை. கருவியில் இருந்த வைஃபை சிப் புதிது. மின்ட்டின் மையப் பகுதியான கர்னல் அந்தச் சிப்புக்கு முந்தையது. வைஃபைக்காகக் கர்னலைப் புதுப்பிக்க வேண்டும். புதுப்பிக்க இணையம் வேண்டும். இந்த இடத்திலேயே பலர் விட்டுவிடுகிறார்கள். வழி எளிது. செல்போனை யுஎஸ்பி கேபிளால் இணைத்து, போன் செட்டிங்கில் யுஎஸ்பி டெதரிங்கைப் போட்டால் உடனே இணையம் வந்துவிடும். பிறகு அப்டேட் மேனேஜரில் புதிய கர்னலைத் தேர்ந்தெடுத்து, ஒருமுறை அணைத்துத் திறந்தால் வைஃபை தெரியும்.

இன்னொன்று, முதல் தடவை திறக்கும்போது வரும் நீலத் திரை. செக்யூர் பூட் (திறக்கும்போதே மென்பொருள் நம்பகமானதா என்று சோதிக்கும் பாதுகாப்பு) இருக்கும் கருவியில், நிறுவும்போது நாம் கொடுத்த கடவுச்சொல்லை அங்கே திரும்பக் கேட்கும். ‘என்ரோல் மோக்’ என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பத்து விநாடி சும்மா இருந்தால் அது தானே போய்விடும். பிறகு கருவியின் பாகங்களை ஓட்டும் சில டிரைவர் மென்பொருள்கள் ஏறாது. எனக்குத் தெரிந்த ஒரு தம்பி அதை வைரஸ் என்று நினைத்துப் பவர் பட்டனை அழுத்திவிட்டார். எங்கள் கருவியின் திரை 14 அங்குலம் என்பதால் எழுத்து பொடிப்பொடியாக இருந்தது. எழுத்துரு அமைப்பில் அளவை 1.2 என்று மாற்றியதும் கண்ணுக்கு இதமாகிவிட்டது.

இனி தமிழ். ‘இன்புட் மெத்தட்’ என்ற இடத்தில் தமிழைத் தேர்ந்தெடுத்து, ஐபஸ், எம்17என் என்ற இரண்டு தட்டச்சு உதவி மென்பொருள்களையும் நிறுவி, ஒருமுறை வெளியேறி உள்ளே வர வேண்டும். பிறகு ஐபஸ் அமைப்பில் ‘தமிழ்99’ விசைப்பலகையைச் சேர்க்கலாம். விண்டோஸ் படம் போட்ட விசையையும் ஸ்பேஸ் பாரையும் சேர்த்து அழுத்தினால் ஆங்கிலம் தமிழாகும். கவனிக்க வேண்டியது ஒன்று: ‘கீபோர்டு லேஅவுட்’ பட்டியலிலும் தமிழ்நெட் 99 என்று ஒன்று இருக்கிறது. அது விசைக்கு ஓர் எழுத்து போடுவதோடு சரி, தானாகப் புள்ளி வைக்காது. அதைப் போட்டுப் பார்த்து ‘லினக்ஸில் தமிழ் சரியில்லை’ என்று திரும்பிப் போனவர்களை எனக்குத் தெரியும்.

சென்னையில் நடந்த தமிழ்நெட்99 மாநாட்டை ஒட்டி, 1999இல் தமிழக அரசு ஏற்றுக்கொண்டது தமிழ்99 விசைப்பலகை. உயிர் எழுத்துகள் இடது கைப்பக்கம், மெய் பெரும்பாலும் வலது கைப்பக்கம். அ, ம, ம, ஆ என்று நாலு விசை அடித்தால் ‘அம்மா’ வந்துவிடும். நடுவில் புள்ளியை அதுவே வைத்துக்கொள்ளும். ங-வை அடுத்துக் க அடித்தாலும் அப்படியே. என் மகள் ஐந்தாறு நாளில் பழகிவிட்டாள்.

ஆனால் என்னைப் போல டைப்ரைட்டிங் படித்தவர்கள் நிலைமை வேறு. தட்டச்சுப் பொறியில் கொம்பை முதலில் அடித்து எழுத்தைப் பிறகு அடித்த கை இது. 22 வருடப் பழக்கத்தை மாற்று என்றால், மாற்றும் வரை சாப்பாட்டுக்கு என்ன செய்வது? மாற்றவே தேவையில்லை என்பதுதான் நான் கண்டுகொண்டது. அதே எம்17என் பட்டியலில் ‘டைப்ரைட்டர்’ என்று இன்னொரு தமிழ் விசைப்பலகையும் இருக்கிறது. அதைச் சேர்த்த அன்று, மகளின் கருவியில் உட்கார்ந்து ஒரு பக்க மனுவை நிறுத்தாமல் அடித்தேன். வெளியே வந்தது எல்லாம் யூனிகோடு தமிழ். எங்கே அனுப்பினாலும் எழுத்து மாறாது. டைப்ரைட்டிங் பாஸ் செய்துவிட்டு வீட்டில் இருக்கும் பெண்கள் இந்த ஊரில் எத்தனையோ பேர். இது அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

கடிதம் அடிக்க லினக்ஸில் இருக்கும் லிப்ரே ஆபீஸ் ரைட்டரிலும் (விண்டோஸில் வேர்டு மாதிரி) இப்படிச் சிக்கலான ஓர் இடம் இருக்கிறது. தமிழில் அடித்துக்கொண்டே மேலே பார்த்தால், எழுத்துருப் பெட்டியில் ‘லோகித் தேவநாகரி’ என்று இந்திக்கான எழுத்துரு நிற்கும். தமிழுக்கான எழுத்துருவைத் தனியாகச் சொல்லி வைக்காததால் வருவது அது. மொழி அமைப்பில் ‘காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட்’ என்பதை டிக் செய்து, மொழி தமிழ் என்று கொடுத்து, ரைட்டருக்கான அடிப்படை எழுத்துருவில் நோட்டோ சான்ஸ் தமிழையோ மீரா இனிமையையோ வைத்துவிட்டால் பிறகு தொல்லை இல்லை.

எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்ல மாட்டேன். கடையில் இருக்கும் பழைய லேசர் பிரிண்டரை லினக்ஸில் இன்னும் ஓட்ட முடியவில்லை. பிடிஎஃப் ஆக்கிப் பழைய கணினிக்குக் கொண்டுபோய்த்தான் அச்சடிக்கிறேன். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருவில் அடித்து வைத்த கோப்புகளையும் ஒவ்வொன்றாகத்தான் மாற்றுகிறேன்.

அரசு 2011 முதல் மாணவர்களுக்குக் கொடுத்த விலையில்லா மடிக்கணினிகளில் விண்டோஸோடு ‘பாஸ்’ என்ற ஒரு வகை லினக்ஸும் இருந்தது. நம் நாட்டிலேயே, மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் உருவாக்கியது அது. என் கடைக்கு அந்தக் கருவிகள் நிறைய வந்திருக்கின்றன. பாஸைத் தேர்ந்தெடுத்துத் திறந்த ஒரு பிள்ளையையும் நான் பார்த்ததில்லை. பக்கத்தில் உட்கார்ந்து காட்ட யாரும் இல்லை, பாவம். கேரளத்தில் அரசின் கைட் நிறுவனம் உபுண்டு என்ற லினக்ஸை வைத்துப் பள்ளிகளுக்கென்றே ஓர் அமைப்பைத் தயாரித்து, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் தருகிறது.

லினக்ஸைப் பற்றித் தமிழில் எழுதுகிறவர்கள் இல்லாமல் இல்லை. கணியம் இதழ் 2012 முதல் கட்டற்ற மென்பொருள் (லினக்ஸ் போல யாரும் நகலெடுக்கவும் மாற்றவும் கூடியது) பற்றித் தமிழில் எழுதி வருகிறது. காஞ்சி லினக்ஸ் பயனர் குழுவினர் சந்தேகம் கேட்பவர்களுக்குப் பொறுமையாகப் பதில் சொல்கிறார்கள். கூலி வாங்காமல் மென்பொருள் மெனுக்களை ‘கோப்பு’, ‘திருத்து’ என்று ஒவ்வொரு சொல்லாகத் தமிழாக்கியவர்களை நினைத்தால் எனக்கு நெஞ்சு நிறைகிறது. ஆனால் இவையெல்லாம் இணையத்தில் இருக்கின்றன. வைஃபை வராத கருவியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பவருக்கு வேண்டியது கையில் ஒரு தாள்.

ஆகவே என் வேண்டுகோள்: ஒவ்வொரு கிளை நூலகத்திலும் லினக்ஸ் ஏற்றிய பென்டிரைவ் ஒன்றும், நிறுவும் முறையையும் தமிழ் விசைப்பலகை அமைக்கும் முறையையும் தமிழில் அச்சிட்ட தாள்களும் இருக்க வேண்டும். நூலகத்துறை மனம் வைத்தால் முடியும். லினக்ஸை நகலெடுத்துக் கொடுப்பதற்கு உரிமமே அனுமதிக்கிறது. பென்டிரைவ் விலை நாலைந்து நூறு ரூபாய்தான். தங்கள் நாளிதழும் வாரம் ஒரு முறை கால் பக்கம் ஒதுக்கினால், அதைக் கத்தரித்து வைத்துக்கொள்பவர்கள் நிறையப் பேர் இருப்பார்கள். விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. நன்றாக ஓடும் பழைய கணினியை என்ன செய்வது என்று கடைக்கு வந்து கேட்கிறவர்களுக்கும் இது உதவும்.

நானே ஏ4 தாளில் இரண்டு பக்கம் அடித்து வைத்து, கேட்பவர்களுக்குக் கொடுத்து வருகிறேன். அதன் பிரதி ஒன்றை இந்தக் கடிதத்தோடு இணைத்திருக்கிறேன். விவரம் தெரிந்தவர்கள் யாராவது படித்துப் பார்த்து, பிழை இருந்தால் திருத்திக் கொடுத்தால், அடுத்த கட்டு நகல் எடுப்பதற்குள் மாற்றிவிடுவேன்.

இப்படிக்கு,
தட்டச்சுக்கடை வாசகி,
மன்னார்குடி.