குறைந்த வட்டி யாருக்குப் போகிறது?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கிராமப்புறக் கடனுக்கு வட்டி மானியத்தை, அதாவது வட்டியில் அரசு ஏற்கும் பங்கை, உயர்த்தச் சொல்லி வந்த உங்கள் தலையங்கத்தைப் படித்தேன். அரசு இதில் தலையிடத்தான் வேண்டும். 1954இல் வெளியான அகில இந்திய ஊரகக் கடன் ஆய்வறிக்கையின்படி, விவசாயிகள் வாங்கிய கடனில் கூட்டுறவுச் சங்கங்கள் கொடுத்தது சுமார் 3 சதவீதம்தான். பெரும்பங்கு வட்டிக்கு விடுபவர்கள் கொடுத்தது. தலையிடாமல் விட்டால் என்ன ஆகும் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

எனக்கு இடிப்பது மானியம்தான். வட்டி மலிந்தால் கேட்பவர்கள் பெருகுவார்கள். பணமோ அளவோடுதான் இருக்கும். யாருக்குக் கொடுப்பது என்று வங்கி பொறுக்க ஆரம்பிக்கும். அப்போது பத்திரம் உள்ளவரும் செல்வாக்கு உள்ளவரும் முன்னால் வந்து நிற்பார்கள். குத்தகைக்கு உழுபவர் ஈடு காட்ட எங்கே போவார்? அதோடு, சின்னக் கடனுக்கும் பெரிய கடனுக்கும் அலுவலக வேலை ஏறக்குறைய ஒன்றுதான். வட்டிக்கு உச்சவரம்பும் வைத்துவிட்டால் சின்னக் கடன் வங்கிக்குக் கையைக் கடிக்கும். கடைசியில் குத்தகைக்காரர் கந்துவட்டிக்காரரிடமே போகிறார். அங்கே வட்டி கொள்ளைதான், ஆனால் விதைப்புக்கு முன்னால் பணம் கையில் இருக்கும்.

இந்தோனேசியாவில் நெல் விவசாயிகளுக்கான மானியக் கடன் திட்டம் வசூலாகாமல் தள்ளாடியது. அரசு வங்கியான பேங்க் ராக்யாட் இந்தோனேசியா தன் கிராமக் கிளைகளை மூடவில்லை. 1984 முதல், செலவைத் தாங்கும் அளவுக்கு வட்டி வைத்து, பயிருக்கு மட்டும் என்றில்லாமல் சிறு வியாபாரத்துக்கும் கடன் கொடுத்தது. மக்களின் சேமிப்பையும் அங்கேயே திரட்டியது. சில ஆண்டுகளிலேயே லாபம் வந்தது. 1997-98 நெருக்கடியில் அதே வங்கியின் பெருங்கடன்கள் கவிழ்ந்தபோது, கிராமக் கிளைகளில் வசூல் நிற்கவில்லை. இதுவும் அரசுத் தலையீடுதானே?

அப்புறம், தள்ளுபடி. 2008இல் இந்தியாவில் 2 ஹெக்டேர் வரை நிலமுள்ளவர்களின் நிலுவைக் கடன் முழுதும் தள்ளுபடியானது. நெருக்கிப் பிடித்துத் தவணை கட்டியவருக்கு அதில் ஒன்றுமில்லை. வெளியில் வட்டிக்கு வாங்கியவரை அந்தத் திட்டம் எட்டிக்கூடப் பார்க்கவில்லை.

மானியப் பணத்தில் ஒரு பகுதியைக் குத்தகைப் பதிவுக்கும், மழை பொய்த்தால் கைகொடுக்கும் காப்பீட்டுக்கும், வங்கி இல்லாத ஊர்களில் கிளை நடத்தும் செலவுக்கும் திருப்பலாம். அதற்கு முன் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை இது பற்றி எழுதும்போது, பயனடைந்தவர்கள் கணக்கை நில அளவுவாரியாகக் கேட்டு வாங்கி வெளியிடுங்கள். அந்த அட்டவணையில் நிலமில்லாத குத்தகைதாரருக்கும் ஒரு வரி இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்