போலி நாணயம் வந்தால் கெடு ஓடத் தொடங்கிவிட்டது என்று பொருள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இணையத்தில் வாங்கிய பழைய வெள்ளி நாணயம் போலியாக வந்தால் உடனே போலீஸ் புகார் கொடுக்கும்படி வாசகர் ஒருவர் இப்பகுதியில் எழுதியிருந்தார். புகார் கொடுப்பதில் தவறில்லை. வங்கி கேட்டால் அதன் நகல் உதவும். ஆனால் புகாரைக் கொடுத்துவிட்டுப் பதிலுக்குக் காத்திருப்பவர் பணத்தைத் திரும்பப் பார்ப்பது அரிது. விற்பனைத் தளம், பேபால், கார்டு கொடுத்த வங்கி ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு கெடு உண்டு. போலீஸ் விசாரணைக்காக அது நிற்காது.

பணம் எந்த வழியாகப் போனது என்பதை முதலில் பாருங்கள். ஷாப்பி, லசாடா போன்ற தளத்துக்குள் கட்டிய பணம் நேரே விற்பவர் கைக்குப் போவதில்லை. ‘பொருள் கிடைத்தது’ என்று வாங்கியவர் அழுத்தும் வரையோ, குறித்த நாள் முடியும் வரையோ தளமே அதை வைத்திருக்கும். ஆகவே சோதித்து முடிக்கும்வரை அந்தப் பொத்தானைத் தொடாதீர்கள். பேபாலில் கட்டியிருந்தால் கட்டிய நாளிலிருந்து 180 நாட்களுக்குள் தகராறு பதிய வேண்டும். பதிந்ததோடு வேலை முடியவில்லை. அதை 20 நாட்களுக்குள், பேபாலே தலையிட்டுத் தீர்க்கும் கோரிக்கையாக உயர்த்தாவிட்டால் தானாகவே மூடிக்கொள்ளும், மறுபடி திறக்க முடியாது. “பெருநாள் விடுமுறை, அடுத்த வாரம் பார்க்கலாம்” என்று விற்பவர் இனிமையாகப் பேசிக்கொண்டே இருப்பது பெரும்பாலும் இந்த 20 நாளைக் கடத்தத்தான். ஈபே தளத்தில் பொருள் வந்த நாள், அல்லது வந்திருக்க வேண்டிய கடைசி நாளிலிருந்து 30 நாள். விசா, மாஸ்டர்கார்டு வழியில் பணத்தைத் திருப்பக் கேட்க வழக்கமாக 120 நாள் என்றாலும், நமது வங்கிகள் அதற்கு முன்பே எழுத்துப்பூர்வ மறுப்பைக் கேட்கும். எனவே அந்தக் கணக்கை நம்பி உட்கார்ந்திருக்க வேண்டாம்.

பேபாலில் ‘நண்பர், உறவினர்’ என்று தேர்ந்து அனுப்பினால் எந்தப் பாதுகாப்பும் கிடையாது. கட்டணம் மிச்சம் என்று சொல்லி அப்படி அனுப்பச் சொல்பவரிடம் வாங்கவே கூடாது என்பது என் கருத்து. தளத்தில் விளம்பரம் போட்டுவிட்டு, “வாட்சப்புக்கு வாங்க, பத்து விழுக்காடு கழிவு தருகிறேன்” என்பவரும் அதே ரகம்தான். நேரடி வங்கி மாற்றத்தில் பணத்தைத் தடுத்து வைக்க நடுவில் யாரும் இல்லை. அப்படித்தான் கட்டியாக வேண்டுமென்றால், முன்கூட்டியே கணக்கு எண்ணையும் கைப்பேசி எண்ணையும் மோசடிக் கணக்குகளைத் தேடிப் பார்க்க மலேசியப் போலீஸ் வைத்திருக்கும் ‘செமாக் மியூல்’ பக்கத்தில் போட்டுப் பாருங்கள். அனுப்பிய பிறகு மோசடி என்று தெரிந்தால் தாமதிக்காமல் தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தை 997 என்ற எண்ணில் அழைக்க வேண்டும். பணம் அடுத்த கணக்குக்குத் தாவுவதற்குள் தடுக்க முடிந்தால்தான் உண்டு.

இனி, பார்சல் வராமல் போவது. பன்னாட்டு அஞ்சல் எண்ணுக்கு 13 இடங்கள்: இரண்டு எழுத்து, ஒன்பது இலக்கம், கடைசியில் நாட்டைக் குறிக்கும் இரண்டு எழுத்து. முதல் எழுத்து ‘ஆர்’ என்றால் பதிவு அஞ்சல், ‘இ’ என்றால் விரைவு அஞ்சல். பதிவு அஞ்சலுக்குப் பணம் வாங்கிக்கொண்டு ‘யு’ என்று தொடங்கும் எண்ணைக் கொடுத்தால் அது சாதாரணத் தபால். அதற்கு முழுத் தடம் கிடைக்காது. நாணயம், பணநோட்டு, தங்கம், வெள்ளி ஆகியவற்றைக் காப்பீடில்லாத பொதியில் பொதுவாக வைக்கக் கூடாது என்பது பன்னாட்டு அஞ்சல் விதி. வரிக்குப் பயந்து ‘விளையாட்டுப் பொருள், 5 டாலர்’ என்று சுங்கத் தாளில் எழுதச் சொல்லும் சேகரிப்பாளர்கள் நம்மிடையே நிறையவே உண்டு. பொதி தொலைந்து இழப்பீடு கேட்கும்போது அந்த 5 டாலர்தான் பேசும்.

இதைவிடத் தந்திரமான ஒன்று, ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று தடம் காட்டும், வீட்டுக்கோ எதுவும் வந்திருக்காது. அதே அஞ்சல் குறியீட்டு வட்டாரத்தில் வேறொரு முகவரிக்கு ஒரு வெற்று உறையை அனுப்பிவிட்டு அந்த எண்ணை நமக்குக் கொடுத்திருப்பார்கள். முதலில் குடியிருப்பின் காவலாளியான ஜாகாவையும் பக்கத்து வீட்டையும் கேளுங்கள். பிறகு கூரியரிடம் ஒப்படைப்புச் சான்று கேளுங்கள்: யார் பெயர், எந்த முகவரி, எடை எவ்வளவு. முகவரி வேறு என்று எழுத்தில் கிடைத்தால் வழக்கு பாதி முடிந்தது. எடையும் பேசும். 27 கிராம் நாணயம் இருப்பதாகச் சொல்லும் பொதி அனுப்பும்போதே 20 கிராம் என்று பதிவாகியிருந்தால் வேறு சாட்சி வேண்டியதில்லை. பெட்டி வந்து உள்ளே ஒன்றும் இல்லையென்றால் ‘பொருள் வரவில்லை’ என்ற பிரிவில் பதியாதீர்கள். தடம் ‘ஒப்படைக்கப்பட்டது’ என்று காட்டுவதால் அது விற்பவர் பக்கமே சாயும். ‘விவரித்தபடி இல்லை’ அல்லது ‘உள்ளே குறைகிறது’ என்பதே சரியான பிரிவு.

பெட்டியைப் பிரிக்கும்போது காணொளி எடுக்கச் சொல்லாதவர் இல்லை. பெரும்பாலானவர்கள் கத்தரியால் வெட்டிய பிறகுதான் பதிவைத் தொடங்குகிறார்கள். முகவரிச் சீட்டு, ஆறு பக்கமும், ஒட்டுநாடா, பிரிக்காத எடை, பிரித்தல், நாணயம் தராசில் ஏறுவது வரை இடையில் வெட்டில்லாமல் ஒரே ஓட்டமாக வர வேண்டும். சமையலறைத் தராசு உதவாது. 0.01 கிராம் காட்டும் பாக்கெட் தராசு வேண்டும். தராசு சரியா என்று பார்க்க, 2012-இல் வந்த இப்போதைய 50 சென் நாணயத்தை வைத்துப் பாருங்கள், 5.66 கிராம் காட்ட வேண்டும்.

நம்மூரில் அதிகம் போலி செய்யப்படும், பிரிட்டிஷ் காலத்து வெள்ளி நாணயமான 1903, 1904-ஆம் ஆண்டு ஸ்ட்ரெய்ட்ஸ் டாலரையே எடுத்துக்கொள்வோம். ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி, எடை 26.95 கிராம், குறுக்களவு ஏறத்தாழ 37 மில்லிமீட்டர். 1907-இலிருந்து எடை 20.21 கிராமாகவும் குறுக்களவு 34 மில்லிமீட்டராகவும் இறங்கியது. ஆக, ‘1908’ என்று பொறித்த நாணயம் 27 கிராம் நிறுத்தாலே சங்கதி தெரிந்துவிடும். புழங்கித் தேய்ந்தது கிராமில் ஒரு சிறு பங்கு குறையலாம், இரண்டு மூன்று கிராம் குறையாது. காந்தம் ஒட்டினால் இரும்பு கலந்த போலி. ஒட்டாவிட்டால் அசல் என்று குதிக்க வேண்டாம், பித்தளையும் செம்பு-நிக்கலும் ஒட்டாது.

நம்பத் தகுந்தது தண்ணீர்ச் சோதனை. தராசில் ஒரு குவளைத் தண்ணீரை வைத்து எண்ணைப் பூச்சியமாக்குங்கள். நாணயத்தை மெல்லிய நூலில் கட்டி, அடியிலும் ஓரத்திலும் படாமல் முழுவதும் மூழ்கும்படி பிடியுங்கள். அசலுக்குத் தராசு 2.6 கிராம் அளவில் காட்டும். 26.95-ஐ அதனால் வகுத்தால் 10.3 வரும், 900 பங்கு வெள்ளியின் அடர்த்தி அதுதான். செம்பு-நிக்கலில் அதே எடைக்கு வார்த்திருந்தால் 3.0-ஐ ஒட்டி வரும், நாணயமும் தடித்திருக்கும். நூலில் காற்றுக் குமிழ் ஒட்டினால் கணக்கு பிசகும். இரண்டு மூன்று முறை பாருங்கள். பிறகு தேய்க்காமல் ஒற்றி எடுங்கள். அமிலம் விடுவது, அரத்தால் உரசுவது, பளபளப்பாக்குவது எல்லாம் கூடவே கூடாது. நீங்கள்தான் கெடுத்தீர்கள் என்று திருப்பி வாங்க மறுக்க அது ஒன்றே போதும்.

தரம் மதிப்பிடும் நிறுவனம் பிளாஸ்டிக் உறையில் மூடித் தரம் குறித்துத் தரும் நாணயங்களுக்கு உறையின் எண்ணை அந்த நிறுவனத்தின் பக்கத்தில் தேடினால் மட்டும் போதாது. போலி உறையிலும் உண்மையான எண்ணைத்தான் அச்சிடுகிறார்கள். அங்கே படம் இருந்தால் கீறல், கறை வரை ஒப்பிட வேண்டும். ஜப்பானியர் ஆட்சிக் காலத்தில் மேலே முத்திரை அச்சிட்டு வெளியிட்ட மலாயா அஞ்சல்தலைகளில் தலை அசலாகவும் முத்திரை மட்டும் போலியாகவும் இருக்கும். எடை அங்கே எதுவும் சொல்லாது. பிரிட்டனில் உள்ள நிபுணர் குழுவின் சான்றிதழ் வரும்வரை திருப்பிக் கொடுக்கும் உரிமை உண்டு என்று, பணம் கட்டும் முன்பே விற்பவரிடம் எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்ல வணிகர்கள் இதற்குத் தயங்குவதில்லை. அதே சமயம் சான்றிதழுக்குப் பல வாரம் ஆகும். தகராறை முதலில் பதிந்துவிட்டுத்தான் நிபுணரிடம் அனுப்ப வேண்டும்.

கோரிக்கையில் எழுதும் வாசகமும் முக்கியம். “ஏமாற்றுக்காரன், கேடு கெட்டவன்” என்று பத்தி பத்தியாக எழுதினால் படிப்பவருக்கு எதுவும் புரியாது. ‘விளம்பரத்தில் ஆயிரத்தில் 900 பங்கு வெள்ளி, 26.95 கிராம். வந்தது 22.80 கிராம், காந்தம் ஒட்டுகிறது. படம் 3, காணொளி 1’ என்று எழுதினால் போதும். பொருளைத் திருப்பி அனுப்பச் சொன்னால் தளம் காட்டும் முகவரிக்கே தட எண்ணோடு அனுப்புங்கள், வாட்சப்பில் வரும் புது முகவரிக்கு அல்ல. போலி என்று உறுதியானால் அழித்துவிட்டு ஆதாரம் கொடுக்கும்படி பேபால் கேட்பதும் உண்டு.

இவை எதுவும் பலிக்கவில்லை, விற்பவர் மலேசியாவிலேயே இருக்கிறார் என்றால் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. கட்டணம் 5 ரிங்கிட். 50,000 ரிங்கிட் வரை கோரலாம், வழக்கறிஞர் தேவையில்லை, மூன்று ஆண்டுகளுக்குள் பதிய வேண்டும். பொருள் விவரிப்புக்கு ஏற்ப இருக்க வேண்டும் என்கிறது 1999-ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 34-ஆம் பிரிவு. ‘விற்றது திரும்பப் பெறப்படாது’ என்று எழுதி ஒட்டுவதால் அந்த உரிமை போகாது. தீர்ப்பை 14 நாட்களுக்குள் நிறைவேற்றாவிட்டால் அது குற்றம். ஆனால் இரண்டு இடத்தில் வழக்கு விழும். வணிகராக இல்லாமல் தன் சேகரிப்பில் ஒன்றை விற்ற தனிநபர் மீது இங்கே வர முடியாது. மறுவிற்பனைக்காக வாங்கியவரும் பயனீட்டாளர் ஆகமாட்டார். மேலும், கோரிக்கை மனுவைச் சேர்ப்பிக்க எதிர்தரப்பின் பெயரும் முகவரியும் வேண்டும். கடையின் புனைபெயருக்கு மனு அனுப்ப முடியாது. இணையத்தில் விற்கும் வணிகர் தன் பெயர், பதிவு எண், தொடர்பு விவரம் ஆகியவற்றை வெளியிட வேண்டும் என்பது மின்னியல் வணிக விதி. பணம் கட்டும் முன்பே அந்தப் பக்கத்தைப் படம்பிடித்து வையுங்கள். பிரச்சினை வந்த மறுநாள் அது காணாமல் போகும். போலியை அசலென்று விற்பது 2011-ஆம் ஆண்டு வர்த்தக விவரிப்புச் சட்டப்படியும் குற்றம். அதற்கான புகார் உள்நாட்டு வாணிப அமைச்சுக்குப் போக வேண்டும். அது தண்டனைக்கான வழி, பணத்துக்கு நடுவர் மன்றம்தான்.

தங்கள் ஏட்டின் வழியே விற்பனைத் தளங்களுக்கு ஒரு கோரிக்கை. அமெரிக்காவில் 1973-ஆம் ஆண்டுச் சட்டப்படி நகல் நாணயத்தின் மீதே ‘காப்பி’ என்று பொறித்திருக்க வேண்டும். இங்கோ விளம்பரத்தின் அடியில், மடித்து வைத்த குறிப்பில், பொடி எழுத்தில் ‘ரெப்ளிகா’ என்று போட்டுவிட்டுத் தலைப்பில் ‘அசல் பழங்கால வெள்ளி’ என்று விற்கிறார்கள். பொறிப்பில்லாத நகலை நாணயப் பிரிவில் ஏற்றவே தளங்கள் அனுமதிக்கக் கூடாது. பினாங்கின் லோரோங் கூலிட் பழம்பொருள் சந்தையில் நாணயத்தைக் கையில் வாங்கி, சுண்டி, ஓரத்தைத் தடவிப் பார்த்து விலை பேசலாம். தளத்தில் வாங்குபவருக்குத் தலைப்பும் படமும் மட்டும்தானே கிடைக்கின்றன.

இப்படிக்கு,
நாணயம், அஞ்சல்தலை சேகரிக்கும் வாசகர்,
ஜார்ஜ்டவுன், பினாங்கு